பொதுக் காரணி

பிடிபட்டவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய கடிதங்களைப் பூட்டியிருந்த அறுநூறு இலக்க எண் தமயந்தியின் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பகா எண்களைப் பெருக்கிச் செய்த பூட்டு. பெருக்குவது ஒரு நொடி வேலை. திரும்பப் பிரிக்க ஆயுள் போதாது. ஆனால் அப்போதுதான் முதன்முதலாக இயக்கிய புதுக் கணினிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சில சமயம் ஒரே பகா எண்ணை இரண்டு பேருடைய பூட்டிலும் வைத்துவிடும். அப்படியொரு ஜோடி அகப்பட்டால் பள்ளிக்கூடக் கணக்கிலேயே இரண்டையும் திறந்துவிடலாம். சாவிதான் ரகசியம்; பூட்டுகள் உரியவர் பெயரோடு எல்லோர் பார்வையிலும் கிடப்பவைதானே. அத்தனையையும் இதோடு ஒப்பிடச் சொல்லியிருந்தார் அதிகாரி ராஜரத்தினம்.

ஒப்பீடு முடிந்து திரை அசைவற்று நின்றது. ஒரே ஒரு பூட்டு பொருந்தியிருந்தது. அதற்கு எதிரே அவளுடைய பெயர்.

அந்த இரண்டு பூட்டுகளையும் செய்த கணினியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததே அவளும் பிடிபட்டவனும்தான். முதலில் அவளுக்கு, அடுத்து தனக்கு என்று அவன்தான் பூட்டு செய்தான். இனி நாம் எழுதுவதை எவனாலும் படிக்க முடியாது என்று சிரித்தான். அவனை யாரென்றே தெரியாது என்று இன்று காலை அவள் ராஜரத்தினத்திடம் சொல்லியிருந்தாள்.

"என்னம்மா, ஏதாச்சும் சிக்குச்சா?" வாசலிலிருந்து ராஜரத்தினத்தின் குரல்.

அந்த வரியை அழித்தாள். "ஒண்ணும் சேரல சார்."

"சரி, விடு. எதுக்கும் இருக்கட்டும்னு பக்கத்து ரூம்லயும் இதையே ஓட்டச் சொல்லியிருக்கேன்."

ராஜரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் ஒரு தாளை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.