செல் இல்லாத கடிகாரம்

"ஏண்டி, கடிகாரம் நின்னு போச்சா?"

ஊத்தங்கரையிலிருந்து பஸ் மாறி மாறிப் பாகலூருக்கு மகளைப் பார்க்க வந்த சரோஜம்மாள், இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நிக்கலம்மா. நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே அக்கா செல்லைக் கழட்டி வெச்சிட்டாங்க" என்றாள் ருக்மணி.

அக்கா என்றால் மங்கம்மா. ருக்மணியின் ஓரகத்தி. கடிகாரமோ, ருக்மணி வேலை செய்யும் ஓசூர் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கொடுத்தது. சரோஜம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வயித்தெரிச்சல்! வேறென்ன?"

"மெதுவாம்மா. சமையல்கட்டுல அவரைக்காய் உரிச்சிட்டிருக்காங்க. ரேடியோவும் போடக் கூடாதாம். ஏன்னு கேட்டா, 'நீ சும்மா இரு'ங்கறாங்க."

ருக்மணி நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசினாள். பெங்களூரில் இதயத்தில் செயற்கை வால்வு வைத்ததிலிருந்து இதே பழக்கம். உயிர் பிழைத்தாள், கூடவே நெஞ்சுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தமும் ஒட்டிக்கொண்டது.

"கோயில்ல நின்னா பக்கத்துல இருக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்கம்மா. அசிங்கமா இருக்கு. கடிகாரம் ஓடினா அந்தச் சத்தத்துல இது மறைஞ்சு போகும். அதுகூட அக்காவுக்குப் பொறுக்கல."

"துணியை எடுத்து வை. இனி நீ இங்க இருக்க வேணாம்."

போவதற்கு முன் மங்கம்மாவுக்கு ஒரு சூடு வைக்காமல் போனால் எப்படி? சரோஜம்மாள் ஸ்டூலில் ஏறி, கடிகாரத்தின் மேலேயே இருந்த செல்லை எடுத்து அதில் போட்டாள். அது டக் டக் என்று சத்தமாக ஓட ஆரம்பித்தது.

உள்ளே முறம் விழுந்தது. மங்கம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ருக்கு! என்னம்மா பண்ணுது? சத்தம் தாறுமாறா கேக்குதே!"

வந்த வேகத்தில் ருக்மணியின் கையை விலக்கி, நெஞ்சில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்புறம்தான் சுவரைப் பார்த்தாள்.

"அட, இந்தச் சனியனா! இதுக்குத்தாம்மா கழட்டி வெச்சேன். ரெண்டு சத்தமும் கலந்துட்டா, உள்ள வேலை செய்யறப்ப என் தங்கச்சி நல்லாருக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? சொன்னா இவ பயந்துக்குவா."

சரோஜம்மாள் வெட்கத்தோடு செல்லைக் கழட்டக் கையை நீட்டினாள்.

"கீழ இறங்கும்மா. நானே கழட்டறேன்" என்றாள் ருக்மணி.

அவள் கை நெஞ்சில் இல்லை.