எழுந்திருக்காத மாப்பிள்ளை

பெரியப்பா அபூ மாஜித் காபிக் கிண்ணத்தைத் தொடாமல் கீழே வைத்த நொடியில், நிதாலின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். சம்மதம் என்று பெண்வீட்டார் வாய் திறக்கிறவரை காபி உதட்டில் படக்கூடாது.

நைசாக எடுத்துப் பார்த்தான். திரையெல்லாம் சிவப்பு. அவன் டீம் பார்த்துக்கொள்ளும் அம்மான்-அகபா பஸ் டிக்கெட் மென்பொருளில் இன்றைய மாற்றம் தோல்வி.

வியாழன் மாலை நாலு மணி, நாளை வார விடுமுறை. பாதி ஊர் கடற்கரைக்குக் கிளம்புகிற நேரம்.

போன வருடமும் இதே வீடு. இதே சோபா. அன்று டிக்கெட் விற்பனை அடியோடு நின்றுபோனது. மென்பொருளில் எந்த வரியைத் தொட்டால் எது சரியும் என்பது நிதால் ஒருவனுக்குத்தான் தெரியும். எழுந்து காருக்கு ஓடினான். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, பெண்ணின் அப்பா அபூ சுஹைப் சம்பந்தமே வேண்டாமென்று, குடிக்காத கிண்ணங்களை எடுக்கச் சொல்லியிருந்தார்.

"எழுந்தே, கால ஒடிச்சிருவேன்டா" என்று இப்போது பல்லைக் கடித்தார் பெரியப்பா.

அந்தக் கூத்துக்கு மறுவாரம்தான் ஆபீஸ் டீமில் ஹனீன் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தாள். டெஸ்ட் இல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. எதையும் இரண்டு பேர் சேர்ந்துதான் எழுத வேண்டும். மாதக் கடைசியில் மூட்டையாக இறக்குகிற வேலை கிடையாது, தினம் கொஞ்சம் கொஞ்சம்.

வேகம் போச்சு என்று அப்போது புலம்பியவன் நிதால்.

மகளை ஒரு வார்த்தை கேட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போன அபூ சுஹைப் இன்னும் வரவில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பெரியப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நிதாலின் கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின.

போன் மறுபடி அதிர்ந்தது. ஹனீனிடமிருந்து செய்தி.

"டெஸ்ட்லயே மாட்டிக்கிச்சு, வெளிய போகல. பழசுதான் ஓடுது, டிக்கெட் வித்துக்கிட்டிருக்கு. நானும் நம்ம டீம் கரமும் பாத்துக்கறோம். நீ அசையாம உக்காரு."

நிதால் போனை அணைத்தான். ஒரு வருடத்தில் முதல்முறையாக முதுகு சோபாவில் முழுசாகப் பட்டது.

கதவு திறந்தது. அபூ சுஹைப் முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"காபிய குடிங்க. ஹனீனுக்குச் சம்மதம். அவ லேப்டாப்ப மூடட்டும்னுதான் இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டிருந்தேன்."