ஆறாவது பாகம்

"கத்தியைத் தொட்டதுமே கொலைகாரன் யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல நின்ன இன்ஸ்பெக்டர், 'நீ இல்லேன்னா நான் ஒண்ணுமில்லை'ன்னு உருகினார்..."

கணவர் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க, மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். பொருளைத் தொட்டே நடந்ததைச் சொல்லிவிடும் அந்தத் துப்பறியும் பெண் என்றால் அவளுக்கு உயிர். முதல் ஐந்து பாகங்களையும் தானே படித்து முடித்திருந்தாள்.

"அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்க. நானும் தொட்டுப் பார்த்துச் சொல்றேன்."

"வேண்டாமே... பக்கம் மாறிடும்."

ஆபரேஷன் ஆகி இரண்டு கண்ணிலும் கட்டோடு இருந்தவள், கையை நீட்டி வாங்கித் தடவினாள்.

"இது வாஷிங் மெஷினோட கொடுத்த புத்தகம்தானே? ஆறாவது பாகம் இன்னும் வரலையா?"

அவர் அசடு வழிந்தார். "கடையில அடுத்த மாசம்னுட்டான். நீ ஏமாந்துபோவியேன்னு நானே... எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அஞ்சு பாகத்துலயும் அந்த இன்ஸ்பெக்டர் ஆசையா ஒரு வார்த்தை பேசினதில்லை. இதுல பக்கத்துக்குப் பக்கம் உருகுறாரே! நீங்க என்னிக்காவது என்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

அவர் குரல் இறங்கியது.

"அதைத்தானேம்மா ஒரு வாரமா வாசிச்சுக்கிட்டிருக்கேன்."