இன்னொரு சைஸ்

"இன்னுமா முடியல?" பெண்களுக்கான டிரயல் ரூம் வாசலை மறித்து நின்ற கணவன் கத்தினான். அவளுடைய போன் அவன் சட்டைப்பையில் இருந்தது.

உள்ளே, தள்ளுபடியில் கிடந்த பழைய மாடல் டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவள், "தோள்ல பிடிக்குதுங்க" என்றாள்.

விற்பனைப் பெண் வேறு சைஸ் கொண்டுவந்தாள். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. அடுத்ததில் கால் நீளம்.

"உனக்குன்னு தனியா தைக்கணுமாடி?"

"கடைசியா ஒண்ணே ஒண்ணுங்க."

இம்முறை விற்பனைப் பெண் வெறுங்கையோடு வந்தாள். "நீங்க சொன்ன நம்பருக்கு என் போன்லேர்ந்து பேசிட்டேன். உங்க அக்கா இதுக்கு பில் கட்டிட்டு, பின்பக்கம் காரோட நிக்கிறாங்க" என்று கிசுகிசுத்து, ஊழியர்களுக்கான கதவைத் திறந்துவிட்டாள்.

அவள் ஓடினாள். உடம்பில் இருந்தது, முதலில் போட்டுப் பார்த்து இப்போது மறுபடி மாட்டிக்கொண்ட அதே டிராக் சூட். அளவெடுத்துத் தைத்ததுபோல அப்போதே கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.