கையளிப்பு

“கொஞ்சம் சிரியேன்டி. எழவு வூட்டுக்கா போற?” என்று அதட்டிக்கொண்டே, தன் புருஷனின் நாலாவது கல்யாணத்துக்குப் பெண்ணை அலங்கரித்துக்கொண்டிருந்தாள் ஆரோக்கியசெல்வி. முந்தானையில் அவள் குத்திய ஊக்கு ஜெயசுதாவின் தோளையும் சேர்த்துக் குத்தியது.

ஜெயசுதாவுக்கு இருபது வயது, மாப்பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு. மணப்பட்டைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குள் வேலி போட்டு நடக்கும் சபைக்கு அவர்தான் மேய்ப்பர். அதற்கு முன் வில்லியனூரில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டு வெறும் உலகநாதனாக இருந்தவரிடம் ஒரு நாள் ஆண்டவரே நேரில் பேசினாராம். பேசியதில் பாதி பொண்டாட்டிகளைப் பற்றித்தான்.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் பெரிம்மா. எல்லார் முன்னாடியும் வேணாம்னு கத்தப்போறேன்.”

“கத்துனா இன்னா ஆவும்னு மணியம்மாளப் பாத்து தெரிஞ்சிக்கோ. மூச்சு விடாம நிக்கணும், ஆமா.”

மணியம்மாள் மூன்றாவது மனைவி. போன வருஷம் வேலியைத் தாண்டப் பார்த்தவள். பாவத்தை ரத்தத்தால்தான் கழுவ முடியும் என்று சபையை நடத்தும் மூப்பர்கள் அவள் முழங்காலை உடைத்தார்கள். சபைக்கு ஆஸ்பத்திரியும் ஆகாது என்பதால் கால் கோணலாகவே கூடிப்போனது.

ஆரோக்கியசெல்வி பூவை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். “ஏண்டி, நீ பொறந்தன்னிக்கு மழையா வெயிலான்னு யாராச்சும் உங்கிட்ட சொல்லியிருக்காங்களா?”

“யாரு சொல்லுவா?”

சொல்ல ஆளே கிடையாது. சபையில் பிள்ளை பிறந்த அன்றே தூக்கி, யார் பெற்றது என்று எங்கும் எழுதிவைக்காமல் பிள்ளை வீட்டில் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் எல்லாம் ஆண்டவருடையவை, எவளும் ‘என் பிள்ளை’ என்று உரிமை கொண்டாடக் கூடாது என்பது மேய்ப்பர் போட்ட சட்டம். பிள்ளை வீட்டுச் சாவி ஆரம்பத்திலிருந்தே ஆரோக்கியசெல்வியின் இடுப்பில்தான் தொங்கியது. கல்நெஞ்சுக்காரி, இவளிடம் போய் அழுதோமே என்று ஜெயசுதாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பந்தலில் இருநூறு பேர் காத்திருந்தார்கள். சபையில் பெண்ணிடம் சம்மதம் கேட்பதில்லை. முதல் மனைவி புதுப் பெண்ணின் கையைப் பிடித்துப் புருஷன் கையில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் கையளிப்பு. இதற்கு முன் இரண்டு தடவை வைத்தவள்தான் ஆரோக்கியசெல்வி.

“இவளைக் கையளிக்கிறாயா?” என்று மூத்த மூப்பர் அந்தோணிசாமி கேட்டார்.

“அதுக்கு இன்னா, குடுத்துட்டாப் போச்சு,” என்றாள் அவள். ஜெயசுதாவின் கையை மட்டும் விடவில்லை. “ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இவ இவருக்குப் பொறந்தவ. பெத்த பொண்ணயே கட்டிக்கச் சொல்லி ஆண்டவர் சொன்னாருன்னா, தாராளமா கட்டிக்கட்டும்.”

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

“பொய்!” மேய்ப்பர் மைக்கில் அலறினார். “என் பிள்ளைன்னா ஆண்டவர் எங்கிட்ட சொல்லியிருப்பார்!”

“அப்போ கேட்டுச் சொல்லு. இவளப் பெத்தவ யாரு? எல்லாப் பொம்பளையும் இங்கதான் நிக்கிறாங்க, கையக் காட்டு.” இருபத்தாறு வருஷத்தில் இன்றுதான் அவள் அவரை நீ என்று கூப்பிட்டாள்.

மேய்ப்பர் பெண்கள் வரிசையைப் பார்த்து விரலை நீட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போன விரல் எங்கேயும் நிற்காமல் கீழே இறங்கியது.

“டெஸ்ட் எடுத்தாத் தெரிஞ்சிடும்,” என்று அந்தோணிசாமி இழுத்தார்.

“எடேன்! ஆஸ்பத்திரிக்கு ஒரு சொட்டு ரத்தம் குடுத்தாலும் நரகம்னு வாரா வாரம் கத்துனது யாரு?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அதற்குள் மணியம்மாள் காலை இழுத்து இழுத்து முன்னால் வந்து நின்றாள். “என் புள்ள எதுன்னு சொல்லுய்யா,” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, “எம்புள்ள எது?” என்றாள். பிறகு பத்துப் பேர், இருபது பேர்.

அந்தோணிசாமி கம்பைத் தூக்கினார். அதைப் பிடுங்கி எறிந்தது அவருடைய சொந்த மனைவி. கம்பு போனதும் மேய்ப்பர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார்.

ஆரோக்கியசெல்வி சாவியை மணியம்மாளிடம் கொடுத்தாள். பெண்கள் பிள்ளை வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தார்கள். எது தன்னுடையது என்று தெரியாவிட்டால் என்ன, கைக்குக் கிடைத்ததை வாரி அணைத்துக்கொண்டு அழுதார்கள்.

காவல் இல்லாத கேட்டைத் தாண்டி ஆரோக்கியசெல்வியும் ஜெயசுதாவும் மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். பிடித்த கையைப் பெரியவள் இன்னும் விடவில்லை.

“மொதல்ல ஸ்டேஷன். மணியம்மா காலுக்கு ஒரு கேஸ், மீதிக்கெல்லாம் தனித்தனியா,” என்றாள் ஆரோக்கியசெல்வி.

ஜெயசுதா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். “பெரிம்மா, நெசமாவே அந்தாளுதான் எங்கப்பனா?”

ஆரோக்கியசெல்வி பாகூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“எனக்கு இன்னாடி தெரியும்? வாய்க்கு வந்தத அடிச்சிவுட்டேன், ஏறு!”