கிழிக்கிற கை

"கொன்னவனாலதான்யா செத்தவன் மூஞ்சியப் பார்க்க முடியாது!" என்றார் இன்ஸ்பெக்டர் கலோயன், ஏட்டிடம். "நோட்டீஸைக் கிழிக்கிறவன் எவனோ, அவன்தான் நம்ம ஆளு."

மூடிப்போன எஃகு ஆலைக்குள் செம்புக் கம்பி திருடப் போன யாவோரை எவனோ அடித்துக் கொன்று மூன்று வருஷம். பெர்னிக் ஊரில் ஒருவர் செத்த அன்றும், பிறகு ஆறு மாசத்துக்கு ஒருதரமும், படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டுவது வழக்கம். யாவோரின் மனைவியும் தவறாமல் ஒட்டினாள். அவன் பிறந்த தெருவில் மட்டும் மறுநாளே அத்தனையும் காணாமல் போகும்.

போன மாசம்தான் மாற்றலாகி வந்த கலோயனுக்கு இது போதாதா? புது நோட்டீஸ் ஒட்டிய மறுநாள், விடிந்தும் விடியாததுமாக மஃப்டியில் போய், பாதி வீடு காலியாகக் கிடந்த குடியிருப்பின் வாசலில் பதுங்கிக்கொண்டார்.

ஆள் வந்தது. நகத்தால் நோட்டீஸைச் சுரண்டியது. பாய்ந்து கையைப் பிடித்தார்.

எழுபது வயது அம்மாள்!

"விடுங்க தம்பி, வலிக்குது."

"செத்தவன் படத்தைக் கிழிக்கிறியே, மனுஷிதானா நீ? யாரும்மா நீ?"

"பெத்தவ."

கலோயன் கையை விட்டார்.

"இவன் போனப்போ இவங்கப்பா நெஞ்சுவலியில ஆஸ்பத்திரியில கிடந்தாரு. சொன்னா அவரும் போயிடுவார்னு, ஸ்பெயினுக்கு வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டேன். மருமக மேல தப்பில்ல. அவ புருஷனுக்காக அவ ஒட்டுறா. என் புருஷனுக்காக நான் கிழிக்கிறேன்."

கலோயன் குனிந்து, கீழே விழுந்த நோட்டீஸை எடுத்து அவளிடமே கொடுத்தார்.

"ஒரு உபகாரம் பண்ணுங்க. மேல வந்து, 'ஸ்பெயின்ல உங்க பையனைப் பார்த்தேன், நல்லாயிருக்கான்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏங்கிக் கிடக்கிறாரு மனுஷன்."

"நான் போலீஸ்காரன்மா. என்னைப் போய்ப் பொய் சொல்லச் சொல்றியே!"

வாய்தான் சொன்னது. கால் படியேறிவிட்டது.

ஸ்பெயினில் பையனைப் பார்த்ததாகச் சொன்னதும், கட்டிலில் இருந்த கிழவர் தோடோர் துள்ளி எழுந்தார். "யாவோரையா பார்த்தீங்க? இளைச்சிட்டானா?"

"நீங்க வேற! தொப்பையே போட்டுட்டான்."

"சாப்பாடெல்லாம்?"

"அம்மா போடுற மிளகாய் ஊறுகாய் மாதிரி வருமான்னு புலம்புறான்."

"கேட்டியா நெவேனா!" கிழவர் கைதட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனாள்.

அவள் போனதும் அவருடைய சிரிப்பு நின்றது. கலோயனின் கையைப் பற்றிக்கொண்டார்.

"நல்லா சொன்னீங்க சார். மூணு வருஷத்துல அவ சிரிச்சு இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

"சாரா? நான் வந்து..."

"வெயிலே படாத இந்த மூஞ்சியா ஸ்பெயின்லருந்து வருது? போலீஸ்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. தெருவெல்லாம் கிழிச்சவ, ஆஸ்பத்திரி எதிர்ல இருந்த மரத்தை விட்டுட்டா. என் ஜன்னலுக்கு நேரா ஒரு மாசம் அவன் முகந்தான்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"என்னைக் காப்பாத்தணும்னுதான் அவ தினமும் எழுந்திரிக்கிறா. அதையும் பிடுங்கிட்டா அவகிட்ட என்ன இருக்கு? எனக்கும்தான்... அவன் நல்லாயிருக்கான்னு யாராவது சொல்லக் கேக்க ஆசையா இருந்துச்சு."

உள்ளே கோப்பைச் சத்தம் கேட்டது. கிழவர் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"கொன்னவன் கெடைச்சா, 'யாவோருக்குச் சம்பளம் ஒசந்திருக்கு'ன்னு வந்து சொல்லுங்க சார். நான் புரிஞ்சுக்கறேன்."