கல்லைப் பார்த்த கத்தி

டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய புல் வெட்டும் மெஷினின் உருளையில் நிறையக் கத்திகள் கீலில் மடங்கும்படி தொங்கின. அவற்றில் இரண்டு நேர் எதிரெதிரே இருந்தன.

மாலையில் டிரைவர் தணிகாசலம் இறங்கி, பாய் விரித்தது போலக் கிடக்கும் தோப்பைப் பார்த்து, "என்னமா வெட்டியிருக்கு!" என்பார்.

"என்னைத்தான் சொல்றார்" என்று முதல் கத்தி முந்திக்கொள்ளும்.

"சரி, உன்னைத்தான்" என்று எதிர்க்கத்தி விட்டுக்கொடுத்துவிடும். அதுதான் முதல் கத்திக்கு இன்னும் எரிந்தது.

ஒருநாள் புல்லுக்குள் ஒரு கருங்கல் கிடந்தது. முதல் கத்தி அதில் உரசியதுமே மடங்கித் தப்பித்துக்கொண்டது. "கல்லு, மடங்கிக்கோ!" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அடுத்து வந்த எதிர்க்கத்தி மோதிப் பாதியாக ஒடிந்தது.

இனிமேல் யார் வெட்டுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும் என்று முதல் கத்தி பூரித்தது. ஆனால் உருளை உதறியது. புல் திட்டுத் திட்டாக நின்றது.

மெக்கானிக் சவரிமுத்து வந்து ஒடிந்ததைக் கழற்றினார். பிறகு ஸ்பானரை முதல் கத்தியிடம் கொண்டுபோனார்.

"அது நல்லாத்தானே இருக்கு அண்ணே?" என்றார் தணிகாசலம்.

"இருக்கட்டும். ஆனா தேஞ்சது, புதுசை விட எடை கம்மி. எதிரெதிர்ல ரெண்டும் ஒரே எடையா இருந்தாத்தான் உதறாது. ஜோடியாத்தான் மாத்தணும்."

முதல் கத்தி பழைய இரும்பு வாளிக்குள் போய் விழுந்தது. அங்கே கிடந்த ஒடிந்த கத்தி பதறிப்போனது.

"ஐயோ, நீயுமா அந்தக் கல்லைப் பாக்கலை?"

"பாக்கலை" என்றது முதல் கத்தி.